கடற்கரையை விட்டு ஊரை நகர்த்தினால்தான் உயிர் பிழைக்குமா?

தஞ்சைப் பொறியாளர்:
நவம்பர் பிறந்தாலே எங்கள் பக்கம் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அதனால் கேள்வியை நேராகவே வைக்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அலை பெரியது, சரி. ஆனால் அது எட்டுகிற இடத்தில் வீடுகளைக் கட்டியது நாம். கரையிலிருந்து 500 மீட்டருக்குள் குடியிருப்பே கூடாது என்பது என் கருத்து. அரசே நிலம் கொடுத்து, வீடு கட்டிக் கொடுத்து, மக்களை உள்ளே குடிவைக்க வேண்டும். எச்சரிக்கை தவறலாம், கைபேசி அணைந்துபோகலாம். வீடு தள்ளி இருந்தால் இவை எதையும் நம்பி இருக்க வேண்டாம்.

கரைவலை:
ஐயா, நான் நாகை மாவட்டத்து மீனவக் குடும்பம். அந்த 500 மீட்டருக்குள்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து வாசலில் நின்று, காற்று வாடையா சோழகமா, அலை எப்படி உடைகிறது என்று பார்த்துத்தான் அப்பா தொழிலுக்குப் போவார். வலை, எஞ்சின், படகு எல்லாம் கரையில். சுனாமிக்குப் பிறகு 2005-இல் அரசாணை வந்தது. 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் உள்ளே போனால் புது வீடு, இருந்த இடத்திலேயே இருந்தால் அரசு உதவி கிடையாது. என் சித்தப்பா போனார். பகலில் அந்த வீடு பூட்டித்தான் கிடக்கிறது. வலை பழுதுபார்க்க, கருவாடு காயவைக்க எல்லாரும் கரைக்கு வந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி வாக்கில். எங்கள் பெண்கள் கூடையோடு மீனுக்காகக் கரையில் நின்ற நேரம். வீடு ஒரு மைல் உள்ளே இருந்திருந்தாலும் அவர்கள் அங்கேதான் நின்றிருப்பார்கள்.

தஞ்சைப் பொறியாளர்:
சுனாமிக்கு நீங்கள் சொல்வது பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். புயலுக்குப் பொருந்தவில்லை. 2018-இல் கஜா கரையைக் கடந்தது நள்ளிரவு தாண்டி. அந்த நேரத்தில் எல்லாரும் வீட்டுக்குள்தானே இருப்பார்கள்?

வேதாரண்யத்துப் பெண்:
இருக்கவில்லை, அண்ணா. கஜாவுக்கு முன்பே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றதற்கு அது முக்கியக் காரணம். அப்படி இறந்தவர்களிலும் பலர் மரமும் சுவரும் விழுந்து போனவர்கள். 500 மீட்டர் உள்ளே போனாலும் கூரை வீடு கூரை வீடுதானே?

ஆனால் என் ஆத்தா முகாமுக்கு வரவில்லை. இரண்டு ஆடு, ஒரு கன்று. "இதுங்கள யாரு பாப்பா?" என்று கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில் அத்தனை பேருக்கும் இரண்டு கழிப்பறைதான், ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வயதுக்கு வந்த பெண்ணோடு இருந்த பக்கத்து வீட்டு அக்கா இரவு 8 மணிக்கே கிளம்பி வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அதிகாரிகள் "மக்கள் ஒத்துழைக்கவில்லை" என்று சொல்லும்போது எனக்கு அந்தத் தாழ்ப்பாள்தான் ஞாபகம் வருகிறது.

வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் செத்தார்கள். 2007 சிதர் புயலும் கடுமையானதுதான், அதில் சுமார் 3,400 பேர். கரையோர மக்கள் அங்கேயேதான் வாழ்கிறார்கள். தூண்கள் மேல் தங்குமிடம் கட்டினார்கள், உள்ளூர்த் தொண்டர்கள் ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போகிறார்கள், மாடு கன்றுக்கென்று தனியே மண்மேடு போட்டார்கள். என் ஆத்தாவுக்கு அந்த மேடு இருந்திருந்தால் போதும்.

பசுங்கரை:
தள்ளி வீடும் வேண்டாம், தங்குமிடமும் வேண்டாம், காட்டை வளருங்கள் என்பேன். பிச்சாவரம் பக்கம் அலையாத்திக் காடு இருந்த ஊர்கள் சுனாமியில் தப்பின. கரை முழுக்க அலையாத்தி வைத்தால் செலவும் குறைவு.

தஞ்சைப் பொறியாளர்:
நானும் இதை நம்பியவன்தான். ஆனால் அந்த ஊர்களின் கணக்கைப் பிறகு திரும்ப ஆராய்ந்தவர்கள், அவற்றில் பல மேட்டிலும் கடலிலிருந்து தள்ளியும் இருந்தன என்று காட்டினார்கள். காப்பாற்றியதில் பெரும் பங்கு மேட்டுக்கும் தூரத்துக்கும். காடு வேண்டும், மண் அரிப்புக்கும் மீன் குஞ்சுக்கும் வேண்டும். அதை நம்பி பிள்ளைகளைக் கரையில் தூங்கவைக்க எனக்குத் துணிவில்லை.

குமரிக்காரன்:
எல்லாரும் வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஆட்கள் செத்தபோது வீட்டிலேயே இல்லை.

ஒக்கி, 2017. நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலம், 30-ஆம் தேதி காலை புயல். இவ்வளவுதான் அவகாசம். தூத்தூர் பக்கத்து விசைப்படகுகள் சுறாவுக்கும் சூரைக்கும் போனால் திரும்ப வாரக்கணக்காகும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதற்கு முன்பே நடுக்கடலில் இருந்தார்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரம் தாண்டினால் வயர்லெஸ்ஸும் எட்டாது. தொலைக்காட்சியில் சொன்ன எச்சரிக்கை யாருக்குத் தேவையோ அவர்களுக்கு மட்டும் போகவில்லை. என் மாமா மகன் போன படகு இன்றுவரை வரவில்லை. உடல் கிடைக்காததால் அத்தை பல நாள் பொட்டை அழிக்கவில்லை, வாசல் விளக்கையும் அணைக்கவில்லை.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிகள் அதற்குப் பிறகு வந்தன. முன்பே வந்திருந்தால் எத்தனை பேர் பக்கத்துத் துறைமுகத்தில் ஒதுங்கியிருப்பார்கள்? 500 மீட்டர் தள்ளிக் கட்டிய வீடு அவர்களுக்கு என்ன செய்திருக்கும், பொறியாளர் ஐயா?

தஞ்சைப் பொறியாளர்:
ஒன்றும் செய்திருக்காது. உங்கள் அத்தையின் விளக்கைப் படித்ததும் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. இருந்தாலும் என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கை எட்டினாலும் ஓட முடியாதவர்கள் உண்டு: பிள்ளைத்தாய்ச்சி, படுத்த படுக்கையான கிழவர், தூங்குகிற குழந்தை. அவர்களுக்காகத்தான் தள்ளியிருக்கும் வீட்டைக் கேட்கிறேன்.

வேதாரண்யத்துப் பெண்:
அவர்களைத் தூக்கிக்கொண்டு போக ஆள் பிரித்து வைக்கலாமே? இந்தோனேசியாவில் சிமலூ தீவு 2004 நிலநடுக்கத்துக்கு மிகப் பக்கம். அலை சில நிமிடங்களில் வந்துவிட்டது. அங்கே 70,000-க்கும் மேற்பட்டவர்களில் இறந்தவர் 7 பேர். 1907-இல் வந்த அலையைப் பற்றிப் பாட்டிமார் பாட்டாகவும் கதையாகவும் சொல்லி வந்திருக்கிறார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. நமக்கு அன்று இரண்டரை மணி நேரம் இருந்தது. காலை ஆறரைக்கு சுமத்ராவில் நிலம் ஆடியது, 9 மணிக்கு இங்கே அலை. சொல்ல ஆளில்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்ததே 2007-இல்தான்.

கரைவலை:
சிமலூவில் ஓட மலை இருந்தது, தங்கச்சி. எங்கள் ஊர் தட்டை. பொறியாளர் ஐயா, உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். போன மாசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கரையிலிருந்து மாடிக் கட்டிடம் இருக்கும் தெருவரை நடந்து பார்த்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. 19 நிமிடம் ஆனது. நேர்வழியில் போனால் பாதிதான் ஆகும், ஆனால் குறுக்கே ஒரு இறால் பண்ணை வேலி போட்டுவிட்டது. பஞ்சாயத்தில் கேட்டால் வரைபடம் கொண்டுவா என்கிறார்கள். நீங்கள் ஒரு நாள் வந்து அந்தப் பாதையை அளந்து, எது மேடு எது பள்ளம் என்று எழுதிக் கொடுங்கள். வேலியைத் திறக்க வைப்பது எங்கள் பொறுப்பு. 500 மீட்டர் சண்டையை அப்புறம் போட்டுக்கொள்வோம்.

தஞ்சைப் பொறியாளர்:
ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மட்டம் பார்க்கும் கருவி என்னிடமே இருக்கிறது. அம்மாவையும் வரச் சொல்லுங்கள், அவர் நடக்கிற வேகத்தில்தான் அளக்க வேண்டும்.