ஒன்பது வயதில் சோம்பேறிக் கண்ணுக்கு ஒட்டுப் போட்டால் பலன் உண்டா?

மதுவின் அம்மா:
மகளுக்கு ஒன்பது வயது. போன மாதக் கண் பரிசோதனையில்தான் இடது கண்ணில் பார்வை மிகக் குறைவு என்று தெரிந்தது. இரு கண்ணின் பவருக்கும் பெரிய வித்தியாசம், அதனால் வந்த சோம்பேறிக் கண் என்கிறார் டாக்டர். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் ஒட்டி மூடச் சொல்கிறார். என் அண்ணனோ, "ஏழு வயசு தாண்டிட்டா மூளை மாறாது, பிள்ளையைப் படுத்தாதே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கதிர்வேல்:
அண்ணன் சொல்வது வெறும் பேச்சு இல்லை அம்மா. 1960களில் ஹ்யூபெல், வீசெல் என்ற நரம்பியல் ஆய்வாளர்கள் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையை மட்டும் தைத்து மூடினார்கள். சில மாதம் கழித்துத் திறந்தபோது, மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் நரம்பணுக்கள் அநேகமாக இல்லை. வளர்ந்த பூனையின் கண்ணை அதே அளவு காலம் மூடியும் ஒன்றும் ஆகவில்லை. குட்டி பிறந்து நாலாவது வாரம் தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதம் வரைதான் மூளை அப்படி மாறும் பருவம். 1981இல் நோபல் வாங்கித் தந்த வேலை இது. பருவம் போன பிறகு குழந்தைக்கு ஆசை காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிலா (கண் பரிசோதகர்):
கதிர் சார், அதே பூனைகளிடம் இன்னொன்றும் தெரிய வந்தது. இரண்டு கண்ணையும் மூடி வைத்த குட்டிகளில் நரம்பணுக்கள் அவ்வளவு மோசமாகக் கைவிடவில்லை; பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் பதில் சொல்லின. அப்படியென்றால் ஒரு கண்ணைக் கெடுத்தது வெறும் இருட்டு மட்டும் இல்லை. தெளிவாகப் பார்க்கும் கண் மற்றதன் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. நல்ல கண்ணை ஒட்டி மூடுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: போட்டியில் பின்தங்கியதற்குக் கொஞ்ச நேரம் களத்தை விட்டுக்கொடுக்கிறோம்.

ஏழு வயது என்ற எல்லையையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2005இல் வந்த அமெரிக்க ஆய்வில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில், கண்ணாடியோடு நல்ல கண்ணுக்கு ஒட்டுப் போட்டு, அதை மங்கலாக்கும் சொட்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 53 சதவீதம் பேர் எழுத்துப் பலகையில் இரண்டு வரியாவது முன்னேறினார்கள். கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம். மதுவுக்கு ஒன்பது வயதுதானே!

கதிர்வேல்:
இரண்டு வரி முன்னேறுவது குணமாவது ஆகாது. முன்னேறியவர்களிலும் பெரும்பாலோருக்குக் குறை மிச்சம் இருந்தது என்று அந்த ஆய்வே சொல்கிறது. 13 முதல் 17 வயதுக்காரர்களில் ஒட்டுப் போட்டவர்களில் 25 சதவீதம், கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 23 சதவீதம், வித்தியாசமே இல்லை. பிறவிக் கண்புரையைச் சில மாதத்துக்குள் எடுத்த குழந்தைகளுக்கே, பெரியவர்களான பிறகு முகங்களைப் பிரித்தறிவதில் நுட்பமான தடுமாற்றம் தெரிகிறது.

நிலா:
முழுக் குணம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அந்த 13 முதல் 17 வயதுக்காரர்களில் அதுவரை சிகிச்சையே பெறாதவர்களைத் தனியாகப் பாருங்கள்: ஒட்டுப் போட்டவர்களில் 47 சதவீதம், கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 20 சதவீதம். அப்புறம், பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்து, அவர்கள் பார்க்கக் கற்பதை ஆராய நம் நாட்டிலேயே நடக்கும் பிரகாஷ் திட்டம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கியது. பிறவியிலேயே பார்வையற்று, 8 முதல் 17 வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஐந்து பேரிடம் ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, பிறகு கண்ணால் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கட்டு அவிழ்த்த புதிதில் ஏறக்குறைய ஊகம்தான். மறுபடி சோதிக்க முடிந்தவர்கள் சில நாளிலேயே நன்றாகச் சொன்னார்கள்.

வளர்ந்த எலிகளில் நரம்பணுவைச் சுற்றிப் படியும் வலை போன்ற பொருளை நொதியால் கரைத்தபோது, பார்வைப் பகுதி மறுபடி குட்டி எலியுடையதுபோல மாறியது. 2002இல் வந்த முடிவு. மாறும் திறன் செத்துப்போகவில்லை, பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது.

கதிர்வேல்:
எலியை மனிதக் குழந்தைக்கு அப்படியே பொருத்த மாட்டேன். ஆனால் வயதை மட்டும் வைத்து வேண்டாம் என்றது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேளுங்கள் அம்மா: எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்பார்கள், முன்னேற்றம் இல்லையென்றால் எப்போது நிறுத்துவார்கள் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

நிலா:
அது அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. ஒட்டியிருக்கும் நேரத்தில் கிட்டத்தில் பார்க்கும் வேலை கொடுங்கள். செய்தித்தாளில் 'ழ' எங்கெல்லாம் வருகிறதோ வட்டமிடச் சொல்லலாம்.

மதுவின் அம்மா:
இன்று நாலாவது நாள். முதல் நாள் அழுது ஒட்டைப் பிய்த்துவிட்டாள். இன்று காகிதத்தை மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு பதினோரு 'ழ' வட்டமிட்டாள். இரண்டு 'மு'வையும் சேர்த்துத்தான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.