அழுகிற குழந்தையைத் தூக்கவும் தயங்க வேண்டுமா?

மழலையர் வகுப்பு ஆசிரியை:
மூன்று வயதுக் குழந்தைகளின் வகுப்பில் பணியாற்றுகிறேன். குழந்தையை மடியில் உட்காரவைக்கக் கூடாது, உடை மாற்றும்போது இன்னொரு பெரியவர் உடனிருக்க வேண்டும் என்று எங்கள் நிர்வாகம் அண்மையில் விதி வகுத்துள்ளது. அம்மாவைப் பிரிந்த ஏக்கத்தில் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடிவரும் குழந்தையின் தோளை மட்டும் தட்டிக்கொடுத்துவிட்டு, யாரேனும் பார்க்கிறார்களா என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். இந்த விதி யாரைக் காக்கிறது?

குழந்தை வளர்ச்சி பயிற்றுநர்:
இந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி மீது 1983இல் எழுந்த, குழந்தைகளைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாக்கியதான குற்றச்சாட்டுகள், ஆண்டுக்கணக்கில் விசாரிக்கப்பட்டும், 1990இல் ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமலே முடிந்தன. நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரக் குழந்தைகள் காப்பகத்தில் பணியாற்றிய பீட்டர் எல்லிஸ் அதே போன்ற குற்றச்சாட்டில் 1993இல் தண்டிக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தபோது அவர் உயிரோடு இல்லை. இவை போன்ற வழக்குகளுக்குப் பின்னரே, குறிப்பாக ஆண் ஆசிரியர்கள், குழந்தையைத் தொடவே அஞ்சும் நிலை வலுத்தது. ஆனால் மூன்று வயதில் குழந்தையால் தன் பதற்றத்தைத் தானாக முழுமையாகத் தணித்துக்கொள்ள இயலாது. பெரியவரின் குரலும் அணைப்பும் அதைத் தணிக்க உதவுகின்றன.

காப்பக நிர்வாகி:
முந்தைய பதிலை ஏற்கிறேன், ஆனால் முழுமையாக அல்ல. பொய்யான வழக்குகள் இருந்தன என்பதற்காக உண்மையான துன்புறுத்தலை மறந்துவிட முடியாது. அதைச் செய்பவர் பெரும்பாலும் குழந்தைக்கு நன்கு தெரிந்தவராகவே இருக்கிறார். ஆகவே உடை மாற்றும் விதியை நான் கைவிட மாட்டேன். மடியில் உட்காரவைப்பது வேறு விஷயம். அது எல்லோரும் பார்க்கும் வகுப்பறையில் நடப்பது. எங்கள் கதவுகளில் கண்ணாடி பதித்தோம், மறைவான மூலைகளில் இருந்த அலமாரிகளை அகற்றினோம், உடை மாற்றிய நேரத்தை ஏட்டில் குறிக்கிறோம். "தூக்கிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவார்கள்; குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுவார்கள்.

ஒரு தந்தை:
பெற்றோரிடமும் கேட்டிருக்கலாமே! என் மகள் அழும்போது யாராவது அவளைத் தூக்க வேண்டும் என்றே நான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

மழலையர் வகுப்பு ஆசிரியை:
நன்றி. மடி பற்றிய தடையை மட்டும் நீக்கும்படி, பெற்றோரின் ஒப்புதலையும் இணைத்து, எழுத்து மூலமாகக் கேட்கிறேன். மாலையில் ஒரே ஆசிரியர் எஞ்சியிருக்கும் நேரத்தில் உடை மாற்ற நேர்ந்தால் என்ன செய்வீர்கள்?

காப்பக நிர்வாகி:
கடைசிக் குழந்தை கிளம்பும்வரை இருவர் இருக்கும்படி பணிநேரத்தை மாற்றினோம். செலவு கூடியது, வேறு வழி தெரியவில்லை.