புதுப்பிப்பு: திரையில் வானவில் சரியாக வந்துவிட்டது

போன கிழமை கேட்டிருந்தேன்: நிறங்களை வட்டமாக அடுக்கிய நிறச்சக்கரத்தை வைத்துக் கணினியில் வரைந்த வானவில்லில் மஞ்சளும் சயனும் (பச்சை கலந்த நீலம்) தனித்தனிப் பட்டிகளாகத் துருத்துகின்றன, ஓரத்தில் வானவில்லில் இல்லாத மெஜந்தாவும் (ஊதா கலந்த சிவப்பு) வருகிறது, என்ன செய்யலாம் என்று. ஒளியின் ஒவ்வோர் அலைநீளமும் கண்ணுக்கு எந்த நிறமாகத் தெரியும் என்பதை எண்களில் தரும் 1931 ஆம் ஆண்டின் சிஐஇ (பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம்) அட்டவணையிலிருந்து தொடங்கச் சொன்ன அண்ணாவுக்கு மிக்க நன்றி.

ஒவ்வோர் அலைநீளத்துக்கும் அதில் உள்ள மூன்று எண்களை எடுத்து எஸ்ஆர்ஜிபிக்கு, அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீல எண்களுக்கு மாற்றினேன். 500 நனோமீற்றர் பக்கம் சிவப்பின் எண் பூச்சியத்துக்குக் கீழே போனது. இரண்டு இரவு பிழை தேடினேன். பிழையே இல்லை; தனி அலைநீளத்தின் தூய நிறம் இந்தத் திரை காட்டக்கூடிய நிறங்களின் எல்லைக்கு வெளியே கிடக்கிறது. அந்த எண்ணைப் பூச்சியத்தில் வெட்டினால் மறுபடியும் பட்டிகள்தான்.

விடை கொழும்பின் கடற்கரைத் திடலான காலிமுகத்திடலில் கிடைத்தது. பின்னேரம் மழை விட்டு, கடல் பக்கமிருந்து வெயில் அடிக்க, வானவில் நகரத்துக்கு மேலே நின்றது. உற்றுப் பார்த்தேன்: நிறங்கள் தனியே இல்லை, பின்னால் இருக்கிற சாம்பல் மேகத்தோடு கலந்துதான் கண்ணுக்கு வருகின்றன! வீட்டுக்கு வந்ததும் எல்லா அலைநீளத்துக்கும் ஒரே அளவு சாம்பலைக் கூட்டினேன், ஆகக் குறைந்த எண்ணும் பூச்சியத்தைத் தொடும் வரை. காமா திருத்தத்தை (வெளிச்ச எண்களைத் திரைக்கு ஏற்றபடி மாற்றும் கணக்கை) அதற்குப் பிறகுதான் போட வேண்டும், இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

இப்போது பச்சை நீலத்துக்குள் கோடில்லாமல் இறங்குகிறது. ஊதா மேகத்துக்குள் மெல்லக் கரைகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அன்றைக்கு நாங்கள் பார்த்ததுதானே இது" என்றார்.