காந்தப்புலம் ஏறினால் மீக்கடத்தியும் குறைக்கடத்தியும் தொடும் கான்டாக்ட் என்ன ஆகிறது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

உறுப்பினர் 1:
நான் அளந்தது இண்டியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியின் மேல் வளர்த்த, மீக்கடத்தியான அலுமினியப் படலம். காலியம் ஆர்சனைடு என்றால் உலோகம் பட்ட இடத்தில் எலக்ட்ரானை மறிக்கும் ஷாட்கி தடுப்பு குறுக்கே நிற்கும். இதன் மேற்பரப்பிலோ எலக்ட்ரான்கள் தானாகவே சேர்ந்து கிடக்கும், அந்தத் தொல்லை இல்லை. கான்டாக்ட் சுத்தமாக இருந்தால், மீக்கடத்தியை நோக்கிப் போகிற எலக்ட்ரானுக்குப் பதில் ஒரு துளை (எலக்ட்ரான் இல்லாத காலியிடம், நேர்மின்னூட்டம் போல நடக்கும்) திரும்பி வரும். இயற்பியலாளர் ஆந்திரேயெவ் 1964-இல் விளக்கியது இதைத்தான். தடையே இல்லாவிட்டால் கடத்துதிறன் இரண்டு மடங்காக வேண்டும். எங்களுக்கு அவ்வளவு வரவில்லை, ஆனால் ஏற்றம் தெளிவாகத் தெரிந்தது.

சரி, காந்தப்புலத்துக்கு வருவோம். கட்டி அலுமினியம் சுமார் 10 மில்லி டெஸ்லாவிலேயே மீக்கடத்தும் குணத்தை இழந்துவிடும். சில நானோமீட்டர் தடிமனுள்ள படலம், புலம் அதன் தளத்தோடு ஓடினால், 1 டெஸ்லாவைத் தாண்டியும் தாங்கும். ஆனால் சிப்பை ஒட்டும்போது 1 டிகிரி சாய்ந்தால் போதும், 1 டெஸ்லாவில் 17 மில்லி டெஸ்லா செங்குத்தாக நுழைந்துவிடும். படலத்தில் காந்தப்பாயச் சுழல்கள் உட்கார்ந்துகொள்ளும், மீக்கடத்தியில் எலக்ட்ரான் நிலைகளே இல்லாத ஆற்றல் இடைவெளி மங்கும். பார்க்கிறவர் கான்டாக்டே கெட்டுப்போனது என்பார்! எங்களிடம் மூன்று அச்சு காந்தம் இருந்தது. செங்குத்துப் புலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, இடைவெளி கூர்மையாகும் இடத்தில் நிறுத்தினோம்.

உறுப்பினர் 2:
எங்களுக்கு இது போல ஜோசப்சன் சந்தியில், அதாவது இரண்டு மீக்கடத்திகளை ஒரு மெல்லிய இணைப்பு சேர்க்கும் இடத்தில், நடந்தது. 1 சதுர மைக்ரோமீட்டர் பரப்புக்கு 2 மில்லி டெஸ்லாவே ஒரு பாயக் குவாண்டம் (மீக்கடத்தியில் காந்தப்பாயத்தின் மிகச் சிறிய அலகு). சந்தியில் தடையின்றி ஓடும் மீமின்னோட்டம் அங்கே பூஜ்ஜியத்துக்கு இறங்கும். உச்சம் பூஜ்ஜியப் புலத்தில் இருக்க வேண்டும், ஆனால் தள்ளிப்போய் நின்றது. சிக்கிய சுழல்கள் வெளியேற, சிப்பை 2 கெல்வினுக்கு மேல் சூடாக்கிக் குளிர்வித்தோம், பெரும்பகுதி சரியானது. மிச்சம் காந்தச் சுருளிலேயே தங்கிய புலம்.

உறுப்பினர் 3:
அண்ணா, நானோகம்பியில் புலத்தை ஏற்றினால் பூஜ்ஜிய மின்னழுத்தத்தில் கடத்துதிறனில் ஒரு முகடு வருகிறது. கம்பியின் இரு முனைகளிலும் ஜோடியாகத் தோன்றும் மயோரானா நிலையா?

உறுப்பினர் 1:
அவசரப்படாதீங்க தம்பி. 2012-இல் டெல்ஃப்டில் இண்டியம் ஆன்டிமனைடு கம்பியில் அந்த முகட்டைப் பார்த்ததும் பெரிய பரபரப்பு. அங்கிருந்தே 2018-இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. மீக்கடத்திக்கு அருகே எலக்ட்ரானும் துளையும் சிக்கி உருவாகும் சாதாரண ஆந்திரேயெவ் கட்டுநிலையும் அதே முகட்டைக் காட்டும். கம்பியின் மறுமுனையிலும் அளந்துவிட்டு அப்புறம் வரைபடத்தை இங்கே போடுங்கள்.