மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏரிப் பூங்கா வரை சைக்கிளில்: போய்வந்தவர்கள் அனுபவம்

மதுரைக்காரர்:

கொடைக்கானல் ஏரிக்கரையில் இருக்கிற பிரையண்ட் பூங்கா வாசலில் சைக்கிளை நிறுத்தணும்னு ஆசைப்படுகிற எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர்?" ஏறத்தாழ 120. சமவெளியில் அவ்வளவு தூரம் மிதிக்கிற கால் நம்மில் பலருக்கு உண்டு. அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை பிரிகிற இடமான காட்ரோட்டில் வலது பக்கம் திரும்பினால் ஏறத்தாழ 50 கி.மீ. மலை. அடிவாரம் சுமார் 300 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டர். ஒரே மூச்சில் நெஞ்சை அடைக்கிற செங்குத்து எங்கேயும் இல்லை. ஆனால் ஏற்றம் விடவே விடாது. அதனால் கிலோமீட்டரை மறந்துவிட்டு மணியைக் கணக்குப் போடுங்கள்.

என் கணக்கு இது. செயின் ஓடுகிற பல்சக்கரத்தில் முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று, சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. பைகளோடு இந்தக் கியரிலேயே உருட்டினால் மலைக்கு மட்டும் ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், டீக்கு நிற்கிற நேரம் தனி. முன்னால் மூன்று பல்சக்கரம், அதில் சின்னது 26 பல், இப்படி நெடும்பயணத்துக்கென்றே வருகிற டூரிங் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இன்னும் மெதுவாகப் போகலாம், ஆனால் முழங்கால் தப்பிக்கும். முன்னால் பெரிய பல்லும் பின்னால் சின்ன கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) இருக்கிற ரேஸ் சைக்கிளில் சாமானைக் கட்டிக்கொண்டு ஏற நினைக்கிறவர்களுக்கு என் பதில், முதலில் கேசட்டை மாற்றுங்கள்.

ஒரே நாளில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் நாள் சாயங்காலமே வத்தலக்குண்டு போய்ப் படுத்துவிடுவது நல்லது. போகும்போது நான்கு வழிச்சாலையை விட்டுச் சோழவந்தான் வழியாகப் போங்கள். வயலும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் கூடவே வரும், லாரித் தொல்லை குறைவு. மறுநாள் வெளுக்கும்போது காட்ரோட்டில் இருந்தால் கீழ் மலையின் வெக்கையைத் தாண்டிவிடலாம். ஒன்பது மணிக்குமேல் அந்தப் பகுதியில் தார் கொதிக்கும்.

டம்டம் பாறையில் எல்லோரும் நிற்போம். எதிரே தலையாறு அருவி, 297 மீட்டர், மலை முகட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். எலிவால் அருவி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்! ஆனால் கண் அருவியில் இருந்தாலும் கை பையில் இருக்கட்டும். கூட வந்த நண்பரின் ஹேண்டில் பையை ஒரு குரங்கு ஜிப்பைப் பிடித்து இழுத்தே திறந்தது. கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, மற்றதை அப்படியே விட்டுவிட்டுப் போனது.

ஊத்து என்கிற ஊர் வந்தால் காற்று மாறும். அங்கே கடை வைத்திருக்கிற அம்மா, "தம்பி, உக்காந்து குடிங்க, மலை எங்கயும் ஓடிடாது" என்று சொல்லி டீயோடு இரண்டு மலைவாழைப்பழம் கொடுத்தார். தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது, உள்ளே சதை கெட்டியாக, மணமாக இருந்தது. விலை கொடுத்து வாங்கிய எந்த எனர்ஜி பாரும் அதற்கு ஈடில்லை.

வெள்ளி நீர்வீழ்ச்சியில் விழுவது கொடைக்கானல் ஏரியின் உபரி நீர்தான். அங்கிருந்து ஊருக்குள் இன்னும் எட்டு கி.மீ. அந்த எட்டுதான் எனக்கு மிகக் கடினம். 1863-இல் லெவிஞ்ச் துரை வெட்டிய ஏரி, 1908-இல் வனத்துறை அதிகாரி பிரையண்ட் போட்ட பூங்கா. மூச்சிரைக்க வந்து அந்தப் புல்லில் உட்கார்ந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

பழனிப் பக்கத்துச் சகோதரி:

அண்ணே, பழனி ரோட்டையும் யோசிச்சுப் பாருங்க. மதுரையிலிருந்து சுற்றுதான், ஆனா வண்டி குறைவு, நிழல் அதிகம். பெருமாள்மலையில வந்து உங்க ரோட்டோட சேரும். வழியில கடை ரொம்பக் குறைவு, தண்ணிய அடிவாரத்துலயே நிரப்பிக்கணும்.

பெருமாள்மலை தாண்டி ஒரு நாள் இருட்டுற நேரம். வளைவு திரும்பினதும் ரோட்டோரம் ஒரு காட்டுமாடு. முழங்காலுக்குக் கீழே வெள்ளையா இருக்கிறது வரைக்கும் தெரியுற தூரம். பெல் அடிக்கல, ஃபோனை எடுக்கல. சைக்கிளை எனக்கும் அதுக்கும் நடுவுல வச்சுக்கிட்டு மெதுவா பின்னாடி நகர்ந்தேன். பின்னால வந்த பஸ் டிரைவர் லைட்டை டிம் பண்ணி, ஹாரன் அடிக்காம, வண்டிய எனக்குப் பக்கத்துல கொண்டுவந்து மறைப்பா நிறுத்தினார். மாடு அதுபாட்டுக்குப் புல்லை மேய்ஞ்சு முடிச்சு இறங்கிப் போச்சு. அந்த டிரைவர் எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும். சாயங்காலம் அஞ்சுக்குள்ள ஊருக்குள்ள போயிடற மாதிரி திட்டம் போடுங்க, தயவுசெய்து.

புதியவர்:

துணைக்குக் கார் வரலாமா? என்ன மாதம் நல்லது?

மதுரைக்காரர்:

வரலாம். 2024 மே 7 முதல் கார்களுக்கு இ-பாஸ் முறை வந்துவிட்டது, முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகாதீர்கள், அங்கே தடை. சைக்கிள் பாட்டிலும் ஒரு எவர்சில்வர் பாட்டிலும் போதும். ஏப்ரல், மே வேண்டாம், பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கிற மாதத்தில் மலைப்பாதை முழுக்க வாகனம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மூடுபனியும். ஜனவரி, பிப்ரவரி நல்லது. இரவில் 10 டிகிரி அளவுக்குக் குளிரும், ஸ்வெட்டரைப் பாரம் என்று விட்டுவிடாதீர்கள்.

வத்தலக்குண்டு மெக்கானிக்:

ஏறுறதைப் பத்தியே எல்லாரும் பேசுறீங்க. இறங்கும்போதுதான் என் கடைக்கு வர்றாங்க. சக்கர வளையத்தையே கட்டை பிடிக்கிற ரிம் பிரேக்கா இருந்தா, பைகளோட இறங்கும்போது ஒரேயடியா அழுத்திப் பிடிக்காதீங்க. ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம், மாத்தி மாத்திப் பிடிச்சு விடுங்க. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க, வளைவுக்குள்ள பிடிக்காதீங்க. நடுவுல ரெண்டு மூணு இடத்துல நிறுத்தி ஆறவிடுங்க. பிரேக் கட்டை புதுசா ஒரு ஜோடி பையில இருக்கட்டும், மேலே எல்லா சைஸும் கிடைக்காது.