பொண்ணு ஹைஸ்கூல் போறதுக்கு முன்னாடியே பேசிடுங்க

வயசுக்கு வர்ற நாள் திடீர்னு வர்றதில்லை, உடம்பு முன்னாடியே சொல்லிடும். மார்புக்காம்புக்கு அடியில கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி, தொட்டா வலி, பெரும்பாலும் முதல்ல ஒரு பக்கம்தான். கேன்சரோன்னு பயந்து அமுக்கிப் பார்க்காதீங்க. மார்பு வளரத் தொடங்கினதுக்கு அடையாளம் அது. அதுலேருந்து ரெண்டு, ரெண்டரை வருஷத்துல மாதவிடாய். ஒன்பதரை வயசுல கட்டி தெரிஞ்சா, பிரைமரி ஸ்கூல் (இங்க தென்னாப்பிரிக்காவுல 7ஆம் வகுப்பு வரைக்கும்) முடியறதுக்குள்ளேயே வந்துடலாம். 8 வயசுக்கு முன்னாடி கட்டி வந்தாலும், 15 வயசாகியும் மாதவிடாய் வரலைன்னாலும் டாக்டர்கிட்ட போங்க.

ஸ்கூல் பையில சின்ன ஜிப் பர்ஸ் ஒண்ணு இருக்கட்டும்: 2 பேட், ஒரு ஜட்டி, ஒரு பிளாஸ்டிக் கவர். 2019 ஏப்ரல் 1லேருந்து இங்க பேடுக்கு வாட் வரி கிடையாது, ரெண்டு பாக்கெட்டா வாங்கி ஒண்ணைப் பிரிச்சே காட்டுங்க. ஒட்டுற பக்கம் துணியில படணும், ரெண்டு சிறகும் ஜட்டிக்கு அடியில மடங்கணும். ரொம்ப முன்னாடி தள்ளி ஒட்டினா, படுக்கும்போது பின்னாடி கசியும். 4லேருந்து 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தணும். கறைக்குப் பச்சைத்தண்ணிதான். வெந்நீர் ஊத்தினா ரத்தத்துல இருக்கற புரதம் துணியிலேயே இறுகிடும்.

*

அக்கா, நீங்க மேல எழுதினதோட இதையும் சேர்த்துக்கோங்க. முதல் ரெண்டு வருஷம் மாதவிடாய் 21 நாள்லயும் வரும், 45 நாள்லயும் வரும், பதற வேண்டாம். ரத்தப்போக்கு 7 நாளைத் தாண்டினாலோ, மணிக்கு ஒரு பேட் நனைஞ்சாலோ கிளினிக் போகணும். சாப்பாட்டோட டீ கொடுக்காதீங்க, இரும்புச்சத்து உடம்புல சரியா சேராது. சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ஞ்ச பீன்ஸ்) கறியில கொஞ்சம் எலுமிச்சை பிழிஞ்சா நல்லா சேரும்.

மஞ்சத்தண்ணி ஊத்துற சடங்கு வேணுமான்னு முதல்ல அவகிட்டக் கேளுங்க. அவ சரின்னு சொல்றவரைக்கும் மாமா, சித்தப்பான்னு ஒருத்தருக்கும் வாட்ஸ்அப் போகக் கூடாது. நம்ம டர்பன் சாட்ஸ்வொர்த்துல ஒரு வீட்டுக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரிஞ்ச மாதிரி. அந்த வயசுல அது எவ்வளவு கூச்சம்னு நினைச்சுப் பாருங்க.

*

பையன்களை மறந்துட்டோமே! அவங்களுக்கும் 13, 14 வயசுல காம்புக்கு அடியில கட்டி வரலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள பெரும்பாலும் தானா மறைஞ்சிடும். இது தெரியாம, பையன் வெயில்லயும் ஸ்வெட்டரைக் கழட்ட மாட்டேங்கறான், நீச்சலுக்கு வரமாட்டேங்கறான். அதைப் பிடிவாதம்னு திட்டாதீங்க.

ராத்திரி தூக்கம் வராததும் சோம்பல் இல்லை. தூக்கத்தைத் தூண்டுற மெலடோனின் இந்த வயசுல ஒண்ணு, ரெண்டு மணி நேரம் தள்ளித்தான் சுரக்கும். போன் வெளிச்சம் அதை இன்னும் தள்ளிவிடும், அதனால சார்ஜர் ஹால்ல இருக்கட்டும்.

எதிர்ல உக்கார வச்சுக் கேட்டா வாயே திறக்க மாட்டான். கார்ல போகும்போது, ரோட்டைப் பார்த்துக்கிட்டே கேளுங்க. ஸ்கூல் கேட் வந்ததும் பேச்சை நிறுத்திடுங்க, கூட்டாளிங்க காதுல விழக் கூடாது.