எம்.எஸ்.டி.பி. பியரிங் சரியாக இருந்தும் மறு வளாகத்தில் வீடியோ வரவில்லை

கேள்வி:
வணக்கம். எங்கள் இரண்டு வளாகங்களிலும் தனித்தனியே பிம் ஸ்பார்ஸ் மோட் (மல்டிகாஸ்ட்டை, அதாவது ஒரே ஓட்டத்தைப் பலருக்கு அனுப்புவதை, கேட்பவர்களுக்கு மட்டும் கொண்டுசேர்க்கும் ரவுட்டிங்) இயங்குகிறது, ஒவ்வொரு வளாகத்தின் கோர் சுவிட்சும் தன் லூப்பேக் (சுவிட்சுக்குள்ளேயே உள்ள) முகவரியில் (10.1.255.1, 10.2.255.1) தன் டொமைனுக்கு ஆர்.பி.யாக (அனுப்புபவரும் கேட்பவரும் சந்திக்கும் புள்ளி) இருக்கிறது. இரண்டையும் ஃபைபரில் இணைத்து, லூப்பேக்குகளுக்கிடையே எம்.எஸ்.டி.பி. பியரிங் (ஆர்.பி.கள் தம் மூலங்களை ஒன்றுக்கொன்று தெரிவிக்கும் இணைப்பு) அமைத்துள்ளேன். முதல் வளாகத்தின் என்கோடர் (10.1.20.15) 239.10.10.5 குழுவுக்கு அனுப்பும் வீடியோ இரண்டாம் வளாகத்தை எட்டவில்லை. பியரிங் நிலைபெற்றிருக்கிறது, எஸ்.ஏ. கேஷிலும் (அப்படித் தெரிவிக்கப்பட்ட மூலங்களின் பட்டியல்) அந்த மூலம் தெரிகிறது, ரிசீவரும் குழுவில் சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்த மூலத்துக்கான மல்டிகாஸ்ட் பதிவில் உள்வரும் இன்டர்ஃபேஸ் வெறுமையாக இருக்கிறது. எங்கே தவறியிருப்பேன்?

பதில் 1:
எஸ்.ஏ. கேஷில் மூலம் தெரிவதால் எம்.எஸ்.டி.பி.யைச் சந்தேகிக்க வேண்டாம். டி.சி.பி. 639 வழியே அது சொல்வதெல்லாம் 'இந்த மூலம் இந்தக் குழுவுக்கு அனுப்புகிறது' என்ற செய்தியை மட்டுமே. அதைக் கேட்ட உங்கள் ஆர்.பி., மூலத்தை நோக்கித் தானே பிம் ஜாயின் (சேர்வதற்கான கோரிக்கை) அனுப்பினால்தான் வீடியோ வரும். அந்த ஜாயின் எந்த இன்டர்ஃபேஸில் போக வேண்டும் என்பதை யூனிகாஸ்ட் (ஒருவருக்கு ஒருவர் அனுப்பும் வழக்கமான) ரவுட்டே முடிவு செய்கிறது. இரண்டாம் வளாகத்தின் சுவிட்சில் 10.1.20.15-க்கான ரவுட்டைப் பாருங்கள். லூப்பேக்குக்கு மட்டும் ஃபைபர் வழியும், மற்றவற்றுக்கு ஃபயர்வால் வழியும் இருந்து, ஃபயர்வால் பக்கத்தில் பிம் அண்டை இல்லையென்றால், ஆர்.பி.எஃப். சோதனை (மூலத்துக்குத் திரும்பும் வழியைச் சரிபார்ப்பது) தோற்று, நீங்கள் சொன்ன வெறுமைதான் வரும்.

பதில் 2:
முந்தைய பதில் சரியே. அத்துடன் இரு டொமைன்களும் பி.எஸ்.ஆர். முறையில் ஆர்.பி.யை அறிவித்தால், ஃபைபர் இன்டர்ஃபேஸில் அந்தச் செய்திகளைத் தடுத்துவிடுங்கள். இல்லையேல் ஒரு வளாகத்தின் ஆர்.பி. மறு வளாகத்துக்கும் ஆர்.பி.யாகிவிடக்கூடும். எங்கோ படித்த மாதிரி ஃபில்டரை அப்படியே ஒட்டியிருந்தால் அதையும் பாருங்கள்: 239 வரிசை உள்வட்டத்துக்கானது என்பதால் பலரும் அதை எஸ்.ஏ. ஃபில்டரில் அடைத்துவிடுவார்கள், உங்களுக்கோ அதுதான் தேவை. ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள இரண்டு வளாகங்களுக்கு எம்.எஸ்.டி.பி. தேவையா என்பதே என் ஐயம். ரிசீவர்கள் ஐ.ஜி.எம்.பி.யின் (குழுவில் சேரப் பயன்படும் நெறிமுறை) மூன்றாம் பதிப்பைப் பேசுமானால் 232 வரிசையில் எஸ்.எஸ்.எம். (எந்த மூலத்திலிருந்து வேண்டும் என்று ரிசீவரே குறிப்பிடும் முறை) போதும், அதற்கு ஆர்.பி.யே வேண்டாம், டொமைன்களுக்கிடையே மூலத்தைக் குறிப்பிடாத பழைய முறையைக் கைவிட்டு இதற்கு மாறும்படி 2020-இல் வந்த இணைய நெறி ஆவணமான ஆர்.எஃப்.சி. 8815-உம் பரிந்துரைக்கிறது.

கேட்டவர்:
நன்றி. 10.1.0.0/16 முழுவதும் ஃபயர்வால் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யூனிகாஸ்ட்டைத் தொட அனுமதி இல்லாததால், மல்டிகாஸ்டுக்கென்று மட்டும் 10.1.20.0/24-க்கு ஃபைபர் வழியே ஒரு ஸ்டேட்டிக் ரவுட் சேர்த்தேன். உள்வரும் இன்டர்ஃபேஸ் உடனே நிரம்பி, வீடியோவும் வந்துவிட்டது. ரிசீவர் பெட்டிகள் சில ஐ.ஜி.எம்.பி.யின் பழைய பதிப்பையே பேசுவதால், எஸ்.எஸ்.எம். அவற்றை மாற்றிய பிறகுதான்.